டொக்யார்ட் வீதிச் சவக்காலையில் இரவில் நடப்பது யார்?

பாலையூற்றுப் பெடியன்:
போன கிழமை என் மச்சான் இரவு பத்தரைக்குத் திருகோணமலை டொக்யார்ட் வீதியில் இருக்கிற புனித ஸ்தேவான் சவக்காலைக்குள், அதுதான் அந்தப் பழைய பிரிட்டிஷ் சவக்காலைக்குள், போனும் கையுமாகப் போயிருக்கிறான். வீடியோவில் பச்சையாக இரண்டு கண் தெரியுது, பிறகு ஏதோ கத்துது, பிறகு இவன் ஓடுகிற காலடிச் சத்தம் மட்டும்தான். மூன்று நாளாகக் காய்ச்சல். ஒரு வெள்ளைக்காரத் துரை மதிலோரம் லாந்தரோடு நடப்பார் என்று சொல்லித்தான் எங்கட வீட்டில் எங்களை வளர்த்தார்கள். அங்கே ஏதோ இருக்கு, நான் நம்புகிறேன். உங்கட வீடுகளில் என்ன சொல்வார்கள்?

உவர்மலையான்:
தம்பி, முதலில் மச்சானைக் கூட்டிக்கொண்டு போய் இரத்தம் சோதித்துப் பாருங்கள். மூன்று நாள் காய்ச்சல் என்றால் டெங்குவாகவும் இருக்கலாம், பேய்க்கதை கதைத்துக்கொண்டு மினக்கெட வேண்டாம்.

அந்தக் கண் மானின் கண்ணாகத்தான் இருக்கும். கோட்டைக்குள்ளும் கடற்கரைப் பக்கமும் புள்ளிமான் திரிகிற ஊர் இது. மானின் கண்ணுக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற படலம் ஒன்று இருக்கு, ரோர்ச் அடித்தால் பச்சையாக மின்னும். கத்தினது ஆட்காட்டிக் குருவி என்று நினைக்கிறேன், இருட்டில் யாராவது கிட்டப் போனால் ஊரையே எழுப்பிவிடும்.

நான் கேட்க நினைப்பது வேறு. நிலாவெளி வீதியில் இரண்டாம் உலகப் போர்க்காலக் கல்லறைகள் இருக்கிற மயானத்தைப் பார்த்திருப்பீர்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன, அதே நாளில் ஹெர்ம்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தன. அந்தப் போர்க்காலத்தில் அகாலத்தில் போன இளம் பெடியன்கள் அங்கே வரிசையாகக் கிடக்கிறார்கள். பேய் வருவதென்றால் அங்கேதானே வரவேண்டும்? ஆனால் அங்கே யாரும் பேய் பார்த்ததாக நான் கேட்டதில்லை. ஏனென்றால் புல் வெட்டியிருக்கு, ஒவ்வொரு கல்லிலும் பெயர் தெளிவாக வாசிக்கலாம். டொக்யார்ட் வீதியில் மரவேர் கல்லறையைப் பிளந்துகொண்டு வருது, எழுத்து அழிந்து போச்சு. பெயர் தெரியாத இடத்தில்தான் துரை என்ற பேய் முளைக்குது.

திருக்கடலூர் மகள்:
அண்ணை, நீங்கள் சொன்னதை வைத்தே நான் பதில் சொல்கிறேன். கவனிப்பார் இல்லாத உயிர்தான் அலையும் என்று எங்கட ஆட்கள் எவ்வளவு காலமாகச் சொல்கிறார்கள்? செத்தவர்களுக்கு எட்டுச் செலவு, அந்தியேட்டி, ஆடி அமாவாசை எல்லாம் எதற்கு? நவம்பர் 2ஆம் திகதி கத்தோலிக்கச் சனம் தங்கட சவக்காலையில் மெழுகுதிரி கொளுத்துகிறது எதற்கு? அந்த வெள்ளைக்காரருக்கு இங்கே திரி கொளுத்தப் பிள்ளையும் இல்லை, பேரனும் இல்லை. நிலாவெளி வீதியில் பேய் இல்லை என்றால், அங்கே கவனிக்க ஆள் இருக்கு, அவ்வளவுதான்.

எங்கட அம்மப்பா டொக்யார்ட்டில் வேலை செய்தவர். இரவு வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது அந்த மதிலடியில்தான் செயின் கழரும். ஒருநாள் குனிந்து செயினை மாட்டும்போது சுருட்டு மணம் வந்ததாம். யாரோ பக்கத்தில் நிற்கிறார்கள் என்று நெருப்புப்பெட்டி கேட்கத் திரும்பினால் ஆளே இல்லை. வீட்டுக்கு வந்தவரின் கையில் செயின் கிரீஸ் அப்படியே இருந்தது, அதைக் கழுவக்கூட இல்லாமல் சாமியறை வாசலில் இருந்துவிட்டார் என்று அம்மம்மா சொல்லுவா. பொய் சொல்லத் தெரியாத மனிசன் அவர். மானும் குருவியும் சுருட்டுக் குடிக்குமா, சொல்லுங்கள்.

கொட்டியாரத்தான்:
இவ்வளவு கவலை ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லில் கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசலில் இரட்டை மீன் பொறித்த கல்வெட்டு இன்றைக்கும் அதற்குச் சாட்சி. எங்கட மூதூர்ப் பக்கம் 1660இல் ரொபட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட இடத்துக்கு வெள்ளைக்காரன் மரம் என்று பெயரே இருக்கு. அதே காலத்தில் கொட்டியாரத்தில் செத்த எங்கட சனத்துக்கு ஒரு கல் இருக்கா? வெள்ளைக்காரனுக்குப் பெயர் வெட்டின கல்லும் இருக்கு, பேயும் இருக்கு. காடு பத்தட்டும், விடுங்கள்.

உவர்மலையான்:
ஐயா, கோயிலை இடித்தது போர்த்துக்கேயர், 1620களில். அதற்குப் பிறகு ஒல்லாந்தர் வந்தார்கள், 1795இல்தான் பிரிட்டிஷ்காரர் கோட்டையைப் பிடித்தார்கள். அவர்களும் ஆளத்தான் வந்தார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மண்ணில் கிடப்பது யார் என்று பாருங்கள். சார்ள்ஸ் ஆஸ்டின் என்ற கடற்படை அட்மிரல், நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் கடைசித் தம்பி. 1801இல், இளம் அதிகாரியாக இருந்தபோது, எதிரிக் கப்பலைப் பிடித்ததற்குக் கிடைத்த பரிசுப் பணத்தில் இரண்டு அக்காமாருக்கும் புஷ்பராகச் சிலுவை வாங்கிக் கொடுத்தவர். பர்மாப் போருக்குப் போய், 1852 ஒக்டோபர் 7ஆம் திகதி ஐராவதி ஆற்றில் கப்பலிலேயே வாந்திபேதியில் செத்தார், வயது 73. வங்காள விரிகுடாவைத் தாண்டி இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள். எங்கட சனத்தை வாரிக்கொண்டு போன அதே நோய்தான் அவரையும் கொண்டுபோனது.

தங்கச்சி, அம்மப்பா பொய் சொன்னார் என்று நான் சொல்லவே இல்லை. சுருட்டு மணம் காற்றில் எவ்வளவு தூரமும் வரும், பக்கத்தில் கடற்கரை, வலைக்காரர் இருந்திருப்பார்கள். லாந்தரோடு நடக்கிற துரைக்கும் எனக்கு ஒரு ஊகம் இருக்கு, ஊகம்தான். மோல்ஸ்வர்த் என்ற இராணுவப் பொறியியலாளர் இந்த ஊரில் தொலைநோக்கி வைத்து இரவிரவாக வியாழனைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1901இல் வியாழனின் மேகப் பட்டையில் ஒரு பெரிய குழப்பத்தைக் கண்டுபிடித்தவர், செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர். 1908 நத்தார் தினத்தில் இங்கேயே இறந்தார். ஊரே படுத்த பிறகு வெளிச்சத்தோடு நடமாடிய வெள்ளைக்காரரைப் பார்த்த சனம் என்ன கதைத்திருக்கும்?

கதை எப்படி வளரும் என்பதற்குச் கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலையில் நிற்கிற, பிரான்சினா என்ற ஒல்லாந்துப் பெண்ணின் பெயரிலான தூணே போதும். 1687 என்று வெட்டியிருக்கு. காதலன் கப்பலேறிப் போனதால் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுப் பக்கம் குதித்துச் செத்தாள் என்று எல்லாரும் சொல்கிறோம். ஒல்லாந்தர் பதிவுகளின்படி அவள் பிறகும் உயிரோடு இருந்து மறுமணமும் செய்தவள்.

திருக்கடலூர் மகள்:
சரி, மறுமணம் செய்தாள். ஆனால் மறுமணம் செய்த பிரான்சினாவை யாருக்குத் தெரியும்? அந்தக் கதைதானே முந்நூறு வருடத்துக்கு மேல் அவளின் பெயரைச் சனத்தின் வாயில் வைத்திருக்கு! சவக்காலையும் அப்படித்தான். பயத்தில் சனம் ஒதுங்கியதால்தான் அந்தக் கற்கள் இவ்வளவாவது மிஞ்சின. இல்லையென்றால் எப்பவோ பெயர்த்துக் கிணற்றுக்கட்டுக்குப் போட்டிருப்பார்கள். நீங்கள் பேயைக் கலைத்துவிட்டால் பிறகு யார் காவல்?

பாலையூற்றுப் பெடியன்:
இரத்தம் சோதித்தாச்சு, டெங்கு இல்லையாம், சாதாரண வைரஸ் காய்ச்சல். வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். ஓடும்போது அவன் ஒரு சின்னக் கல்லறைக்கு மேலே ஏறித்தான் குதித்திருக்கிறான். ஒரு மூலை உடைந்து விழுவது தெரியுது. அதைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. சீமெந்து போட்டு ஒட்டலாமா?

உவர்மலையான்:
வேண்டாம் தம்பி, தயவுசெய்து சீமெந்து வேண்டாம். அந்தக் காலத்துக் கட்டு சுண்ணாம்புக் காரை. சீமெந்து அதைவிட இறுக்கம், ஈரத்தை உள்ளே அடைத்துவைத்துப் பழைய கல்லைத்தான் வெடிக்கப் பண்ணும். கம்பித் தூரிகையும் அசிட்டும் ஆகவே ஆகாது. உடைந்த துண்டை எடுத்து அதே கல்லறையோரம் கவிழ்த்து வையுங்கள், படம் எடுங்கள், பொறுப்பானவர்களிடம் சொல்லுங்கள்.

எழுத்து வாசிக்க வேண்டுமென்றால் பின்னேரம் நாலரைக்குப் போங்கள். வெயில் சரிந்து விழும்போது, மத்தியானத்தில் கண்ணுக்குப் படாத எழுத்தெல்லாம் நிழல் பிடித்து எழும்பும். நான் ஒருநாள் ஒரு குழந்தையின் கல்லறையில் அரைமணித்தியாலம் இருந்து வயதை மட்டும் வாசித்தேன். வருடம் இல்லை, மாதக் கணக்கு. பெயர் இருந்த வரி உதிர்ந்து போச்சு.

கொட்டியாரத்தான்:
குழந்தை என்றால் வேறு கதை. ஆனால் துரைமாரின் கல்லைத் துடைக்க நான் வரமாட்டேன். எங்கட ஊர்ப் பழைய கற்களுக்கும் இதே அக்கறையோடு ஆள் வந்தால் அப்புறம் பார்ப்போம்.

உவர்மலையான்:
மூதூருக்கு நான் வருகிறேன் ஐயா, நாளைச் சொல்லுங்கள்.

திருக்கடலூர் மகள்:
தம்பி, ஞாயிறு நாலரைக்கு நானும் வருகிறேன், அந்தத் துண்டைத் தேடி எடுப்போம். மச்சானையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவனுக்கு அம்மம்மா நூல் மந்திரித்து வைத்திருக்கிறா. நான் மெழுகுதிரி கொண்டுவருவேன், உவர்மலை அண்ணை ஒன்றும் சொல்லக்கூடாது. ஆறு மணிக்கு முதல் வெளியே வந்துவிட வேண்டும்.