சிஓஏவில் ஒரு வெள்ளைப் பட்டை: ஆர்ஏ (மருந்துப் பதிவுப் பிரிவு) அனுபவங்கள்

கிண்டி ஆர்ஏ:
இருமல் சிரப் டோசியர், அதாவது மருந்தைப் பதிவு செய்ய அனுப்பும் ஆவணத் தொகுப்பு. ஆப்பிரிக்க நாடு ஒன்றிலிருந்து கொயரி: சிரப்பில் கரைப்பானாகச் சேரும் புரொப்பிலீன் கிளைக்காலை உண்மையில் தயாரித்தது யார்? 2022-ல் காம்பியாவில் நச்சு கலந்த சிரப்பால் குழந்தைகள் இறந்த பிறகு இப்படிக் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஃபைலில் இருந்த சிஓஏவை, அதாவது மூலப்பொருளின் சோதனைச் சான்றை எடுத்தேன். லெட்டர்ஹெட் டிரேடருடையது. தயாரிப்பாளர் பெயர் வர வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு பட்டை. துண்டுக் காகிதம் வைத்து மறைத்து ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார்கள். காகிதத்தின் ஓரம் கூட நிழலாக விழுந்திருந்தது.

பர்ச்சேஸில் கேட்டால், "எப்பவும் அப்படித்தான் மேடம் தருவார். பேர் தெரிஞ்சா நாம நேரா வாங்கிடுவோம்னு பயம்" என்கிறார். ஒரிஜினல் வராமல் பதில் அனுப்ப மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். வந்தது, எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை. அந்தப் பட்டையோடு அதற்கு முன் எத்தனை பேட்ச் போயிருக்கும்?

க்யூசி (தரச் சோதனைப் பிரிவு) அண்ணன்:
பெயர் தெரிந்துவிட்டால் டிரம்முக்குள் இருப்பது மாறிவிடுமா மேடம்? கிளைக்காலில் கலந்துவிடக்கூடிய நச்சு டிஇஜி (டைஎத்திலீன் கிளைக்கால்). அது 0.1 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதை ஜிசி (கேஸ் குரோமட்டோகிராஃப்) கருவியில் ஓட்டித்தான் சொல்ல முடியும். 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான சிரப்பில் 48.6 சதவீதம் இருந்ததே, எந்தத் தாள் அதைத் தடுத்தது? எங்கள் ஸ்டோர்ஸில் ஒரு டிரம்மின் சீல் மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. சாம்பிள் எடுக்க நான் போவதற்குள் நிர்வாகம் அதை டிரேடருக்கே திருப்பி அனுப்பிவிட்டது. உள்ளே என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது.

கிண்டி ஆர்ஏ:
டெஸ்ட் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன் சார்? யாரிடம் வாங்கினோம் என்று தெரியாமல், ரிசல்ட் தப்பாக வந்தால் யாரைப் பிடிப்பீர்கள்?

ஓய்வுபெற்றவன்:
இரண்டு பேர் சொல்வதும் சேர்ந்ததுதான் வேலை. எனக்கும் ஒன்று உண்டு. தரத் தணிக்கைக்கு வந்த ஆடிட்டர் ஒருவர் டோசியரில் தர விவரங்கள் உள்ள மாட்யூல் 3-ஐத் திறக்கவே இல்லை. நேராக ஸ்டோர்ஸுக்குப் போய் டிரம் லேபிளைப் படமெடுத்தார். எங்களில் யாருக்கும் பேச்சு வரவில்லை.

புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். டோசியரை மின்வடிவில் தொகுக்கும் இசிடிடி சாஃப்ட்வேர் எல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். வாரம் ஒருமுறை ஸ்டோர்ஸுக்குப் போங்கள். டிரம் லேபிளில் உள்ள பேட்ச் எண்ணையும் சிஓஏவில் உள்ள எண்ணையும் உங்கள் கண்ணாலேயே ஒப்பிடுங்கள். அங்கீகரித்த வெண்டர் பட்டியலில் டிரேடர் பெயர் மட்டும் இருந்தால் க்யூஏவிடம் (தர உறுதிப் பிரிவு) எழுத்தில் கேளுங்கள், வாய்வார்த்தை வேண்டாம். 2023 ஜூனில் ஏற்றுமதி இருமல் சிரப்புக்கு அரசு லேப் சான்றைக் கட்டாயமாக்கினார்கள்தான். ஆனால் அது சிரப் தயாரான பிறகு நடக்கும் சோதனை. டிரம்மைத் திறக்கும்போதே பிடிக்க வேண்டியதை அங்கே தள்ளிவிடாதீர்கள். அப்புறம், புரொப்பிலீன் கிளைக்கால் மட்டும் இல்லை, சார்பிட்டால் கரைசலுக்கும் கிளிசரினுக்கும் இதே சோதனை வேண்டும். 1986-ல் மும்பையில் 14 நோயாளிகளைக் கொன்றது டிஇஜி கலந்த கிளிசரின்.