இளைஞர் பணியை வாழ்க்கைத் தொழிலாக எடுக்கலாமா?

புதுமுகம்: வயது 23. சமூகப்பணியில் முதுகலை முடிக்கப் போகிறேன். கல்லூரியில் சேர்ந்ததிலிருந்தே ஓர் இளைஞர் அமைப்பில் தன்னார்வலன். இளைஞர்களோடு பழகி அவர்கள் முன்னேறக் கைகொடுக்கும் வேலை, இதைத்தான் இளைஞர் பணி என்கிறார்கள். போன வருடம் ஒரு சர்வதேச இளைஞர் மாநாட்டுக்குப் பிரதிநிதியாகப் போய் வந்தேன். அப்புறம் வேறு எந்த வேலையிலும் மனம் ஒட்டவில்லை. வீட்டிலோ "இதெல்லாம் ஒரு வேலையா?" என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பஞ்சாங்கம்: வீட்டில் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள் தம்பி. ஐ.நா. கணக்கில் இளைஞர் என்றால் 15 முதல் 24 வரை. காமன்வெல்த்தில் 29 வரை. ஆப்பிரிக்க இளைஞர் சாசனம் கொஞ்சம் தாராளம், 35 வரை விடுகிறது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் மற்றவர்கள் பதவி உயர்வு வாங்கும் வயதில் உங்களை "முன்னாள் இளைஞர் தலைவர்" ஆக்கிவிடுவார்கள். அதற்குச் சம்பளம் கிடையாது.

தூரிகை: ஐயா, பங்கேற்பவரையும் பணியாளரையும் போட்டுக் குழப்புகிறீர்கள். குழந்தை மருத்துவர் குழந்தையாகவா இருக்கிறார்? ஐரோப்பிய ஒன்றியத்தின் கல்வி, இளைஞர் திட்டமான எராஸ்மஸ் பிளஸில், நாடு விட்டு நாடு போய்ப் பழகும் இளைஞர் பரிமாற்றத்துக்குப் போகிறவர்களுக்கு 13 முதல் 30 வயது வரை வரம்பு உண்டு. கூடப் போகும் குழுத் தலைவருக்கு 18 நிரம்பியிருந்தால் போதும், மேல் வரம்பே இல்லை. தொழில் அந்த இரண்டாவது ஆளுடையது. காமன்வெல்த் 1973-இல் தன் இளைஞர் திட்டத்தைத் தொடங்கியது. இந்தப் பணிக்கென்றே டிப்ளமோ படிப்பும் அதன் வழியாக வந்தது. மால்டாவில் 2014-இல் இளைஞர் பணியைத் தொழிலாக அங்கீகரித்துத் தனிச் சட்டமே போட்டார்கள்.

பழைய பஞ்சாங்கம்: மால்டா! உலக வரைபடத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய நாடு. பெரிய இடத்தைப் பாருங்கள். இங்கிலாந்தில் தொழில்முறை இளைஞர் பணியாளராக வேண்டுமானால் பட்டம் வேண்டும் என்று 2010-இல் விதி வந்தது. அதே ஆண்டில் தொடங்கிய சிக்கன நடவடிக்கையில் உள்ளாட்சிகள் இளைஞர் மையங்களை வரிசையாக மூடின. பட்டத்தைக் கையில் கொடுத்துவிட்டு வேலையைப் பிடுங்கிக்கொண்ட கதை. அரசுக்குக் காசு முட்டினால் முதலில் கை வைப்பது இங்கேதான்.

தூரிகை: அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் மையம் மூடியதும் அங்கே வந்துகொண்டிருந்த பிள்ளைகள் காணாமல் போய்விடுவதில்லையே. வேலையின் பெயர் மாறும். பள்ளி, மறுவாழ்வு மையம், அகதிகள் முகாம், விளையாட்டுக் கழகம் என்று அதே ஆட்கள்தான் வேறு பெயரில் போய் நிற்கிறார்கள்.

வழிப்போக்கன்: சர்வதேசப் பக்கத்தையும் யாராவது பேசுங்கள். ஐ.நா. செயலகத்தில் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் இல்லை. விசா, விமானம், வாடகை எல்லாம் சொந்தக் காசு. அதனால் மேடைக்கு யார் வருகிறார்கள்? அப்பா அனுப்ப முடிந்தவர்கள். "ஒடுக்கப்பட்ட இளைஞர்களின் குரல்" என்று பேனர் கட்டியிருப்பார்கள், ஆனால் ஒவ்வொரு மாநாட்டிலும் அதே முகங்கள், அதே குழுப் புகைப்படம்.

தூரிகை: எல்லா இடமும் அப்படி இல்லை. மனித உரிமைக்கான ஐரோப்பிய நாடுகளின் அமைப்பான ஐரோப்பா கவுன்சிலில் (Council of Europe) 30 இளைஞர் பிரதிநிதிகள் அரசு அதிகாரிகளோடு சரிசமமாக உட்கார்ந்து இளைஞர் துறையின் திட்டத்தையும் பட்ஜெட்டையும் முடிவு செய்கிறார்கள். 2015-இல் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2250-ஆம் தீர்மானம், சமாதானப் பேச்சில் இளைஞர்களுக்கு இடம் வேண்டும் என்று முதல் தடவையாகச் சொன்னது.

பழைய பஞ்சாங்கம்: தீர்மானம் சம்பளம் போடுமா அம்மா? இளைஞர் விவகாரத்துக்கான ஐ.நா. தூதர் பதவியில் 2017-இல் இலங்கையைச் சேர்ந்த ஜயத்மா விக்கிரமநாயக்க உட்கார்ந்தார். அவருக்கு முன் இருந்த ஜோர்டான்காரர் அகமது அல்ஹெண்டாவி உலகச் சாரணர் அமைப்பின் தலைமைச் செயலாளராகப் போனார். நல்லதுதான். ஆனால் அந்தத் தூதர் நாற்காலி உலகத்துக்கே ஒன்றுதான் இருந்தது. அதை நம்பி ஒரு தலைமுறையை வரிசையில் நிற்கச் சொல்லக் கூடாது.

தூரிகை: நாற்காலியை நம்பச் சொல்லி நான் எங்கே சொன்னேன்? புதுமுகம், ஒன்று கேட்கிறேன். மாநாடு இல்லாத மாதங்களில் உங்கள் அமைப்பில் என்ன செய்வீர்கள்?

புதுமுகம்: வாரம் இரண்டு மாலை, பள்ளியை விட்டு நின்றுவிட்ட பையன்களோடு உட்காருவேன். முதலில் கேரம் மட்டும்தான். பேச ஆரம்பிக்கவே பல வாரம் ஆகும். சிலர் திரும்பப் படிக்கப் போனார்கள், சிலர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். அறிக்கை எழுதுவதுதான் கழுத்தை அறுக்கும். நிதி கொடுத்தவர்கள் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிக்கை கேட்பார்கள். ஒரு பையன் வாய் திறந்து பேசினான் என்பதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

தூரிகை: இதுதான் இளைஞர் பணி. மாநாடு இதன் ஓர் ஓரம். உங்களுக்கு எது பிடித்திருக்கிறது என்று நீங்களே பாருங்கள்: கேரமா, மைக்கா?

வழிப்போக்கன்: இரண்டும் பிடித்தால்?

தூரிகை: கேரமில் தொடங்கட்டும். அதைச் செய்தவர் மைக் பிடித்தால் சொல்ல ஏதாவது இருக்கும்.

பழைய பஞ்சாங்கம்: கேரம் போர்டு வாடகை கட்டாது. தம்பி, பள்ளி ஆலோசகர் மாதிரி மாதச் சம்பளம் வரும் வேலை ஒன்றில் முதலில் சேருங்கள். மாலை நேரத்தை அந்தப் பையன்களுக்குக் கொடுங்கள். மூன்று வருடம் கழித்தும் இதே எண்ணம் இருந்தால் வீட்டில் நானே வந்து பேசுகிறேன்.

தூரிகை: பள்ளி ஆலோசகர் வேலைக்கு அனுப்புகிறீர்களா? அப்போது நான் சொன்னதைத்தானே நீங்களும் சொல்கிறீர்கள்!

பழைய பஞ்சாங்கம்: இல்லை அம்மா. நீங்கள் சேவை என்று சொல்லி அனுப்புகிறீர்கள், நான் நியமனக் கடிதம் வாங்கிக்கொண்டு போகச் சொல்கிறேன்.

புதுமுகம்: ஆலோசகர் வேலைக்கு என் பட்டம் போதுமா, தனியாக டிப்ளமோ வேண்டுமா? யாருக்காவது தெரியுமா?