ஸ்கை130 (130 நானோமீட்டர் சிப் ப்ராசஸ்): டைமிங் செக் (எஸ்டிஏ) சுத்தம், ஆனா பஸ் மாறினா ரீசெட் விழுது. ஏன்?

கொண்டைஊசி20 (சேலம்)
வணக்கம்ங்க. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ஓப்பன்லேன்ல (சிப் லேஅவுட் போடற ஓப்பன் சோர்ஸ் டூல்) ஒரு சின்ன கன்ட்ரோலர் பண்றோம். 50 மெகாஹெர்ட்ஸ், 1.8 வோல்ட். கிளாக் எட்ஜுக்கு முன்னாடியும் பின்னாடியும் டேட்டா நிலையா நிக்கணும்ங்கற செட்டப், ஹோல்ட் செக் ரெண்டும் சுத்தம். ஆனா 16 பிட் பஸ்ஸோட (சேர்ந்து ஓடற 16 டேட்டா கம்பி) 7-வது, 8-வது பிட்டுக்கு நடுவுல ரீசெட் நெட் (ரீசெட் சிக்னல் போற கம்பி) மெட்2-ல, அதாவது ரெண்டாவது மெட்டல் லேயர்ல, 900 மைக்ரான் கூடவே ஓடுது. அந்த ரெண்டு பிட்டும் ஒண்ணா 1-ல இருந்து 0-க்கு விழுந்தா, என்ஜிஸ்பைஸ் சர்க்யூட் சிமுலேஷன்ல ரீசெட் கோடு (0-க்கு இறங்கினா ரீசெட் ஆகற வகை) 0.9 வோல்ட் வரைக்கும் இறங்கி, சில ஃப்ளாப் (ஒரு பிட்டை வெச்சிருக்கற செல்) ரீசெட் ஆயிடுது. ஸ்பெஃப்ல (லேஅவுட்ல இருந்து எடுத்த கம்பி ரெசிஸ்டன்ஸ், கெபாசிட்டன்ஸ் ஃபைல்) ரீசெட் நெட்டோட மொத்த கெபாசிட்டன்ஸ் 150 ஃபெம்டோஃபாரட், அதுல கப்ளிங் (பக்கத்து கம்பியோட இருக்கற கெபாசிட்டன்ஸ்) மட்டும் 95. ரீசெட் நெட்டை ஓட்டுற ட்ரைவர் பஃப்_1, ஒரு சின்ன பஃபர். பஸ் எட்ஜ் 0.2 நானோசெகண்ட். டைமிங் ரிப்போர்ட்ல இது ஏன் தெரியல? ட்ரைவரைப் பெருசாக்கினா போதுமா?

பாவுநூல் (அம்மாபேட்டை)
தறியில பாவு நூல் மாதிரி நெருக்கமா இழுத்திருக்கீங்க, ஒண்ணு அசைஞ்சா பக்கத்துல இருக்கறதும் ஆடத்தானே செய்யும். மெட்2-ல குறைஞ்சபட்ச அகலமும் இடைவெளியும் 0.14 மைக்ரான், கம்பியோட உயரம் அதுல ரெண்டு மடங்குக்கும் மேல. சுவர் பக்கத்துல சுவர் நிக்கற மாதிரி, அதான் கப்ளிங் இவ்வளவு.

கணக்கு பாருங்க. ரீசெட்டைப் பிடிக்க ஆளே இல்லைன்னா 1.8 × 95/150 = 1.14 வோல்ட் இறங்கும். பஃப்_1 ரெசிஸ்டன்ஸை 3 கிலோ ஓம்னு வெச்சா டைம் கான்ஸ்டன்ட் 0.45 நானோசெகண்ட். பஸ் 0.2-லயே விழுந்துடுது, ட்ரைவர் சுதாரிக்கறதுக்குள்ள கிட்டத்தட்ட 0.92 வோல்ட் போயிடும். உங்க 0.9 அங்கிருந்து வர்றதுதான்.

டைமிங் ரிப்போர்ட் தர்ற டூல் ஓப்பன்எஸ்டிஏ, ஸ்பெஃப் படிக்கும்போது கப்ளிங்கை கிரவுண்டுக்குப் போற கெபாசிட்டன்ஸா மாத்திக்கும். அப்போ எத்தனை மடங்கா எடுக்கணும்னு ஃபேக்டர் சொல்லலைன்னா 1. அதை 2-னு குடுத்தா பக்கத்து கம்பி எதிர்த்திசையில மாறும்போது வர்ற டிலே தெரியும். ஆனா சும்மா நிக்கற நெட்ல வர்ற கிளிட்ச் (ஒரு கணம் வந்து போற ஆட்டம்) அப்பவும் தெரியாது, அது டைமிங் கணக்கே இல்லை.

சூரமங்கலத்தான்
ட்ரைவர் கேள்விக்கு: 400 ஓம் அளவுக்கு ஒரு பெரிய பஃபர் போட்டா, கம்பியோட ரெசிஸ்டன்ஸைக் கணக்குல சேர்க்காம சரிவு 0.33 வோல்ட் வரும்; அதையும் சேர்த்தா கம்பியோட கடைசியில இதைவிடக் கூடும். ஒரே வரி மாத்தம், முதல்ல அதைப் பண்ணிப் பாருங்க. ஆனா பெரிய ட்ரைவர் பக்கத்து நெட்டுக்குத் தொந்தரவு தரும்னு மறந்துடாதீங்க. ரீசெட் அடிக்கடி மாறாது, அதனால இங்க பரவாயில்லை. பஸ்ஸுக்கு இதே வைத்தியம் பண்ணாதீங்க.

அப்புறம் 300 மைக்ரானுக்கு ஒரு பஃபர். இடைவெளியை 0.42 மைக்ரான் ஆக்கினாலே பக்கவாட்டு கப்ளிங் நல்லா குறையும். ஷீல்டு போடறதா இருந்தா ரீசெட்டுக்கு ரெண்டு பக்கமும் விஎஸ்எஸ் (கிரவுண்ட்) கம்பி, அதை முனையில மட்டும் இல்லாம நடுவுலயும் வயா (லேயர்களை இணைக்கற துளை) வெச்சு விஎஸ்எஸ் பவர் ஸ்ட்ராப்போட (அகலமான சப்ளை கம்பி) கட்டணும். எங்கயும் கட்டாம மிதக்கிற ஷீல்டு, ஷீல்டே இல்லாததுக்குச் சமம். பஸ்ஸோட ஆட்டத்தை அதுவே ரீசெட்டுக்குக் கடத்திடும்.

கொண்டைஊசி20
நன்றிங்க அண்ணா. ரீசெட்டை கிளாக்கோட சேர்க்கற ரீசெட் சிங்க்ரொனைசர் ஏற்கெனவே இருக்கே, அது காப்பாத்தாதா?

பாவுநூல்
காப்பாத்தாது தம்பி. அது ரீசெட் விடுறதை மட்டும்தான் கிளாக்கோட சேர்க்கும். போடறது நேரா உள்ள போயிடும். அதுவும் உங்க 900 மைக்ரான் சிங்க்ரொனைசருக்கு அப்புறம் இருந்தா, அதுக்குத் தெரியவே தெரியாது.

கிளாக்குக்குக் காத்திருக்காம ரீசெட் ஆகற டிஎஃப்ஆர்டிபி ஃப்ளாப்புக்குப் பதிலா, ரீசெட் பின் இல்லாத டிஎஃப்எக்ஸ்டிபி வெச்சு சிங்க்ரனஸ் ரீசெட் (கிளாக் எட்ஜ்ல மட்டும் பார்க்கற ரீசெட்) எழுதினா கதை வேற. பஸ் கிளாக் எட்ஜுக்கு அப்புறம் உடனே மாறுது, கிளிட்ச் ஒண்ணு ரெண்டு நானோசெகண்ட்ல அடங்கிடும், அடுத்த எட்ஜ் 20 நானோசெகண்ட் தள்ளி. ஆனா கிளாக் ஓடினாதான் ரீசெட் ஆகும், பவர்-ஆன்ல அது சரிப்படுமான்னு பாருங்க.

சூரமங்கலத்தான்
அடுத்த எட்ஜுக்குள்ள கிளிட்ச் அடங்கிடும்ங்கற இந்தச் சலுகை கிளாக் நெட்டுக்குக் கிடையாது. அதுவும் பஸ் நடுவுல ஓடுதான்னு இன்னைக்கே லேஅவுட்டைத் திறந்து பாருங்க.