சோலார் விலை விழுந்தாச்சு, இனி கார்பன் வரி எதற்கு?

வெயில்பிரியன்: 2010க்கும் 2020க்கும் நடுவில் சோலார் பேனல் விலை ஏறக்குறைய 90 சதவீதம் இறங்கிவிட்டது. மலிவாகக் கிடைத்தால் யாரும் சொல்லாமலே மக்கள் வாங்குவார்கள். கார்பன் வரி, அதாவது கரியமில வாயுவை வெளியே விடுவதற்குப் போடும் வரி, அப்படியா? ஆஸ்திரேலியா 2012இல் கொண்டுவந்தது. ஆட்சி மாறியது, 2014இல் தூக்கிவிட்டார்கள். பிரான்சில் 2018இல் எரிபொருள் வரியை ஏற்றப் போய் மஞ்சள் சட்டை போட்ட போராட்டக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள், அரசு பின்வாங்கியது. கூரையில் மாட்டிய பேனலை எந்த ஆட்சி வந்து கழற்றும்?

கணக்குப்பிள்ளை: அந்த விலை தானாகவா விழுந்தது, நண்பரே? அமெரிக்காவின் பெல் ஆய்வகம் வெயிலில் மின்சாரம் தரும் சிலிக்கான் செல்லைக் காட்டியது 1954இல். அப்புறம் பல ஆண்டுகள் அது பெரும்பாலும் விண்கலத்துக்கும் கால்குலேட்டருக்கும்தான் கட்டுப்படியானது. 2000இல் ஜெர்மனி சட்டம் போட்டது: சூரிய மின்சாரம் தருகிறவருக்கு 20 ஆண்டுக்கு நிச்சய விலை. அதை நம்பி ஆலைகள் வந்தன, பிறகு சீனா மலைமலையாகச் செய்து குவித்தது. கூடுதல் காசை ஜெர்மன்காரர்கள் மின்கட்டணத்தில் கட்டினார்கள். நீங்கள் கொண்டாடும் மலிவு அவர்கள் கைக்காசு.

வெயில்பிரியன்: சரி, குழந்தை நடக்கப் பழகும்வரை நடைவண்டி வேண்டும்தான். இப்போது ஓடுகிறதே, இன்னும் எதற்கு வண்டி?

கணக்குப்பிள்ளை: பகலில் ஓடுகிறது. பொழுது சாய்ந்ததும் பேனல் படுத்துவிடும். அந்த நேரத்தில்தான் வீட்டுக்கு வீடு விளக்கு, அடுப்பு, ஏசி. அங்கே நிலக்கரி தானாக இடத்தைக் காலி செய்யாது. பிரிட்டன் 2012இல் ஐந்தில் இரண்டு பங்கு மின்சாரத்தை நிலக்கரியில் எடுத்தது. 2013இல் மின்நிலையங்கள் விடும் கார்பனுக்குக் குறைந்தபட்ச விலை வைத்தார்கள். 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலக்கரி நிலையத்துக்கும் பூட்டு.

வெயில்பிரியன்: அந்த இடத்தில் எரிவாயுவும்தானே வந்து உட்கார்ந்தது? அதையும் சொல்லுங்கள்.

காளவாய்: ரெண்டு பேரும் கரண்டையே பிடித்துத் தொங்குகிறீர்கள். சிமென்ட் பக்கம் வாருங்கள். அதைச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுத்தான் செய்கிறார்கள். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு கையில் நிற்கும், 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். கரியில் சுட்டாலும் சூரிய மின்சாரத்தில் சுட்டாலும் அந்த 44 போயே தீரும். அது கல்லுக்குள் இருப்பது. பிடித்து மண்ணுக்கடியில் அடைக்கலாம், ஆனால் செலவு. வெளியே விடுவது இலவசம் என்றால் எந்த ஆலைக்காரர் அந்தச் செலவைச் செய்வார்?

வெயில்பிரியன்: சிமென்டுக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்கு வரி போடுங்கள், தடுக்கவில்லை. வீட்டுக் கரண்ட் பில்லில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை: அப்போ தலைப்பை மாற்றுகிறீர்களா?