மறுமொழி: ஓவியத்தில் உதிர்ந்த இடத்துக்கு வண்ணமிடும் வேலை – என்ன சொல்?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

க்யூரேட்டருக்குக் 'காப்பாட்சியர்' சரியா என்ற வழக்கை இத்தோடு முடித்துக்கொள்ளலாம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் பதவிப் பெயராகவே புழங்குகிற சொல் அது. நாம் கூடிப் பேசி மாற்றப் போவதில்லை. அருங்காட்சியகத்தையே இலங்கையில் நூதனசாலை என்கிறார்கள், யாருக்கும் குடி முழுகிவிடவில்லை. இடர்ப்பாடு காட்சிக்கூடத்துக்குப் பின்னால், பழைய ஓவியங்களைப் பழுது பார்க்கும் பணியறையில்தான். அங்கே நடக்கிற அத்தனைக்கும் நாம் 'புதுப்பித்தல்' என்று எழுதிவிடுகிறோம். அந்தத் துறையினர் எதைச் செய்யக் கூடாது என்று பயிற்சி பெறுகிறார்களோ அதன் பெயர் அது.

> இன்பெயின்டிங் (உதிர்ந்த இடத்துக்கு மட்டும் வண்ணமிடல்): 'உள்வண்ணம் பூசல்' போதாதா?

போதாது ஐயா. பெயின்ட் கடையில் இந்தச் சொல்லைச் சொன்னால் எத்தனை சதுர அடி என்று கேட்பார்கள். வேலையைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம்.

பணியறைக்கு வந்த ஓவியத்தை முதலில் பக்கவாட்டில் விளக்கு வைத்துப் படமெடுக்கிறார்கள். மேடு பள்ளமும் தூக்கிக்கொண்டிருக்கும் வண்ணச் சிம்புகளும் அப்போதுதான் தெரியும். பிறகு புற ஊதா ஒளி. பழைய வார்னிஷ் பச்சையாக ஒளிரும். அதற்குமேல் பிற்காலத்தில் யாராவது கை வைத்திருந்தால் அந்த இடங்கள் கருந்திட்டுகளாக நிற்கும். குச்சி முனையில் பஞ்சு சுற்றி, கரைப்பானில் தோய்த்து, விரல் அகலம் விரல் அகலமாகப் பழைய வார்னிஷை எடுக்கிறார்கள். வண்ணம் உதிர்ந்த குழியில் சுண்ணப்பொடியும் ஜெலட்டினும் குழைத்து இட்டுச் சுற்றுப்பரப்போடு மட்டமாக்குகிறார்கள். இதற்கு 'நிரவல்' என்று முன்பே ஒருவர் எழுதியிருந்தார்; அருமை, அப்படியே எடுத்துக்கொள்வோம்.

நாம் தேடும் சொல் அடுத்த கட்டத்துக்கு. நிரவிய இடத்தில் மட்டும், உருப்பெருக்கியின் அடியில், நுனித் தூரிகையால் வண்ணம் வைக்கிறார்கள். மூல ஓவியரின் வண்ணத்தின் மேல் மயிரிழை ஏறினாலும் பிழை. வைக்கும் வண்ணமும் மூலத்தைத் தொடாத மென்கரைப்பானில் கரைந்து வந்துவிட வேண்டும். நாளை வேறொருவர் நம் கைவேலையைத் துடைத்தெடுக்க நேரலாம் என்பதுதான் கணக்கு.

'இழப்பிடத் தீட்டல்' என்று முன்பு வந்த பரிந்துரை பொருளில் சரி. வேகமாக வாசித்தால் இழப்பீடாகிவிடுகிறது. என் பரிந்துரை: குறைதீட்டல். ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள் நினைவுக்கு வருகிறது என்று கேலி செய்வீர்கள்; செய்யுங்கள். இதில் ஒரு வசதி இருக்கிறது. மூலத்தின் மேலேயே ஏறி வரைந்துவிடும் குற்றத்துக்கு 'மிகைதீட்டல்' என்ற இணைச்சொல் தானாகக் கிடைத்துவிடுகிறது. ஸ்பெயினின் போர்ஹா ஊர்த் தேவாலயத்தில் 2012இல் பழுது பார்க்கப்போய்ச் சுவரோவியத்து ஏசுவின் முகத்தையே மறைத்துவிட்டார்களே, அது மிகைதீட்டல். ஆனால் 'தீட்டு' என்று தனியே சுருக்கிவிடாதீர்கள், அது வேறு வம்பு.

> தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் ஓவியத்தின் மேல் நாயக்கர் வரைந்ததும் மிகைதீட்டல்தானே?

இல்லை என்பேன். 1931இல் சோழர் அடுக்கு வெளிப்பட்ட பிறகு, மேலே இருந்த நாயக்கர் ஓவியத்தைச் சுரண்டி எறியவா செய்தார்கள்? தொல்லியல் துறை அதன் பகுதிகளைப் பெயர்த்தெடுத்து, தனிப் பலகைகளில் பதித்துக் காட்சிக்கு வைத்தது. நாயக்கர் கால ஓவியர் பழுது பார்க்க வரவில்லை, புதிதாக வரைய வந்தார். அது 'மேலடுக்கு ஓவியம்'. பழுது பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு மூலத்தை மறைப்பது மட்டுமே மிகைதீட்டல் என்று விளக்கக் குறிப்பில் எழுதிவிட வேண்டும்.

இரண்டிலும் சேராததற்கு டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. 1715இல் ஆம்ஸ்டர்டாம் நகர மன்றத்துக்குக் கொண்டுபோனபோது, சுவருக்கு அடங்கவில்லை என்று நான்கு ஓரமும் வெட்டிவிட்டார்கள். வெட்டிய துண்டுகள் கிடைக்கவே இல்லை. ஓவியம் இப்போது இருக்கும் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2021இல் பழைய சிறு நகல் ஒன்றை வைத்துக் கணினியால் அந்த ஓரங்களை உருவாக்கி, தனிப் பலகைகளாகச் சுற்றி நிறுத்திச் சில மாதம் காட்டியது, பின்பு எடுத்துவிட்டது. மூலத்தின் மேல் ஒரு சொட்டு வண்ணம் படவில்லை. இதைக் குறைதீட்டல் என்றும் சொல்ல முடியாது. 'துணைக்காட்சி' என்று வைத்தால் என்ன?

செய்த வேலையை மூலத்துக்குச் சேதமின்றிக் கழற்றிவிட முடிகிற அந்த இயல்புக்கு 'மீள்தன்மை' வேண்டாம். இழுத்துவிட்ட ரப்பர்தான் கண்ணில் நிற்கும். நிகழ்தகவு நிலைத்துவிட்ட தைரியத்தில் 'களைதகவு' என்கிறேன்.

அடுத்து, இத்தாலியர்கள் திராத்தெஜ்ஜோ என்கிற குறைதீட்டல் வகை. ரோமில் 1939இல் தொடங்கிய மத்தியச் சீரமைப்பு நிறுவனத்தில், செசாரே பிராண்டியின் தலைமையில் உருவான முறை. இரண்டாம் உலகப் போரில் நொறுங்கிய விதெர்போ ஊர்ச் சுவரோவியங்களைத் துண்டு துண்டாக ஒட்டியபோது இதைக் கையாண்டார்கள். வண்ணம் உதிர்ந்த இடத்தை நெருக்கமான செங்குத்து நுண்கோடுகளால் நிரப்புவார்கள். தள்ளி நின்றால் ஓவியம் முழுதாகத் தெரியும். கிட்டே போனால் கோடுகள் 'நான் பின்னால் வந்தவன்' என்று ஒப்புக்கொள்ளும். பொருநராற்றுப்படையில் கந்தல் துணியை 'வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்' என்கிறார் புலவர். கிழிசலை வேறு நூலால் தைத்திருப்பது தெரிகிறது, தெரியும்படியே விட்டிருக்கிறது. 'வேற்றிழைத் தீட்டல்' என்று வைத்தால் சங்கப் புலவர் கோபிக்க மாட்டார்.

லைனிங்குக்கு இன்னும் எனக்குச் சொல் அமையவில்லை. நைந்த ஓவியத் துணியின் முதுகில் இன்னொரு துணியை ஒட்டுவது. இரவுக் காவலை 1975இல் ஒருவர் கத்தியால் கிழித்த பிறகு அதற்கு மெழுகும் பிசினும் வைத்து ஒட்டினார்கள். 'உள்துணி' என்றால் தையற்கடை வழக்கோடு மோதுகிறது, 'புறத்துணி' என்றால் திசை குழம்புகிறது. நெசவோ புத்தகக் கட்டுமானமோ தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.