மிரரிங்குக்கு ‘இரணை’ பொருந்துமா?

வணக்கம்.

வீட்டு நாஸ் பெட்டியை, அதாவது வீட்டு நெட்வேர்க்கில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் பெட்டியை, மாற்றப் போகிறேன். என்ன வாங்குவது, எப்படிப் பூட்டுவது என்று தமிழில் குறிப்பு எழுத உட்கார்ந்த இடத்தில்தான் மிரரிங் என்ற சொல்லில் முட்டிக்கொண்டேன். ஒரே தரவை இரண்டு தட்டில் (ஹார்ட் டிஸ்க்) ஒருசேர எழுதி வைப்பதுதான் அது. பெட்டிக்குப் பத்து வயது தாண்டிவிட்டது, பாதுகாப்பு இற்றைப்படுத்தலும் நின்று கனகாலம். போன கிழமை ஒரு தட்டின் விளக்கு சிவப்பாகிவிட்டது, காதை வைத்தால் உள்ளே டிக் டிக் என்று கேட்கிறது. அதில் இருப்பவை 2009க்கு முந்தின குடும்பப் படங்கள். இடம்பெயர்ந்து போனபோது அல்பங்கள் எல்லாம் தொலைந்து, பிறகு வெளிநாட்டுச் சொந்தக்காரர் தங்களிடம் இருந்தவற்றை ஸ்கேன் பண்ணி அனுப்பியவை. இன்னொரு முறை இழக்க எனக்கு மனமில்லை.

திட்டம் இதுதான்: ஒரு பழைய டெஸ்க்டொப், 16 ஜிபி ராம், 4 டெராபைட் தட்டு இரண்டு, இயங்குதளத்துக்கு டெபியன், தட்டுகளில் கோப்புகளை நிர்வகிக்க இசட்எஃப்எஸ். படங்களைச் சேமித்துப் பகிர நெக்ஸ்ட்கிளவுட் மென்பொருள், அம்மா ரிவியில் பார்க்க ஜெல்லிஃபின் மென்பொருள், கரண்ட் போனால் ஒழுங்காக அணைய ஒரு யூபிஎஸ். இந்தப் பெட்டியை (ஹோம் சேர்வர்) ‘வீட்டு வழங்கி’ என்றால் போதும், ‘வழங்கி’ பழகிய சொல்தானே.

சிக்கல் மிரரிங்கில். ‘பிம்பம்’, ‘கண்ணாடி’ என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. பிம்பம் என்றால் ஒன்று அசல், மற்றது நிழல். இங்கே அப்படி இல்லை, எழுதுவதெல்லாம் இரண்டிலும் எழுதப்படும், எது செத்தாலும் மற்றது தனியே நின்று வேலை செய்யும், இரண்டுக்கும் ஒரே தகுதி. எங்கள் ஊரில் ஒரே பிரசவத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகளை இரணைப் பிள்ளைகள் என்போம். கிளிநொச்சியில் இருந்து கொண்டு இந்தச் சொல்லைத் தேடவும் வேண்டியதில்லை, இரணைமடுக் குளத்துத் தண்ணியில் வயல் செய்கிறோம், பூநகரிக் கடலில் இரணைதீவு இருக்கிறது.

‘இரட்டை’ இருக்கிறதே என்று தமிழ்நாட்டு நண்பர்கள் கேட்கக்கூடும். அது டூயல் கோர், டூயல் பூட் எல்லாவற்றுக்கும் போய்விட்டது. அதோடு இரட்டை என்றதும் கொள்ளளவும் இரட்டிப்பு என்று நினைப்பார்கள். 4 டெராபைட் தட்டு இரண்டை இரணையாக்கினால் கிடைப்பது 4 தான், 8 இல்லை.

வசனத்தில் போட்டும் பார்த்தேன். “தட்டுகளை இரணையாக்கு.” “இரணையில் ஒன்று பழுது.” “இரணைத்தட்டு வாங்கினேன்.” வாயில் தடக்கவில்லை.

ஒன்றை மட்டும் குறிப்பில் அழுத்தி எழுத வேண்டும், இரணை காப்புப்பிரதி ஆகாது. தவறுதலாக ஒரு படத்தை அழித்தால் இரண்டிலும் அழியும், ஐப்பசி இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். அதனால் மூன்றாவது தட்டு ஒன்றில் பிரதி எடுத்து வவுனியாவில் சித்தப்பா வீட்டில் வைக்கப் போகிறேன்.

மிச்சம் இருப்பது ரீசில்வர். கண்ணாடிக்குத் திரும்ப ரசம் பூசுவதில் இருந்து வந்த பெயர் அது, மிரரோடு பொருந்தும், இரணையோடு பொருந்தாது. புதுத் தட்டைப் போட்டதும் மற்றதில் இருந்து எல்லாவற்றையும் வாங்கி நிரப்பிக்கொள்ளும் அந்த வேலைக்கு ‘இரணை மீட்பு’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது யாருக்கும் தோன்றினால் தட்டு மாற்றுவதற்கு முதல் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கழற்றுகிறேன்.