ஈஸ்ட் பாட்டில் சிஓ2: முதல் வாரம் அமோகம், அப்புறம் படுத்துவிடுகிறது

நீரடித்தோட்டம்:

வணக்கம். என்னுடையது செடி வளர்க்கும் 60×30×36 செ.மீ. மீன் தொட்டி. மண், கல், மரக்கட்டை போக 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். செடிகளில் முன்னால் மான்டி கார்லோ, பின்னால் ரோட்டாலா, கட்டையில் அனுபியாஸ். நியான் டெட்ராக் கூட்டம் ஒன்று, கொஞ்சம் செர்ரி இறால். விளக்கு தினமும் 10 மணி நேரம் எரிகிறது.

செடிகளுக்கு வேண்டிய சிஓ2-க்கு (கார்பன் டை ஆக்சைடு) 2 லிட்டர் பாட்டிலில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்து, மூடியில் துளை போட்டு, சிலிகான் குழாய் வழியாக, வாயுவைப் பொடிக் குமிழாக்கும் செராமிக் டிஃப்யூசருக்கு விட்டிருக்கிறேன். புதிதாகக் கலந்தவுடன் குமிழ் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. இரண்டாம் வாரம் வந்தால் ஒவ்வொன்றாக எண்ணலாம். அனுபியாஸ் இலை விளிம்பெல்லாம் கறுப்புத் தாடிப் பாசி. காலையில் விளக்குப் போடும்போது மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. டிஃப்யூசரைச் சுற்றி வெள்ளையாக ஏதோ கொழகொழவென்று படிகிறது.

சர்க்கரை, ஈஸ்ட் இரண்டையும் இரட்டிப்பாக்கி, இரவில் மட்டும் குழாயை வால்வு வைத்து மூடலாம் என்று இருக்கிறேன். சரியாக வருமா?

பழையவாளி:

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த வால்வைக் கையில் இருந்து கீழே வையுங்கள். ஈஸ்ட்டுக்கு விளக்கு அணைந்தது தெரியாது. நீங்கள் குழாயை மூடினாலும் அது வாயுவைத் தயாரித்துக்கொண்டேதான் இருக்கும். மூடியோ குழாயோ பிய்த்துக்கொண்டு போகும், இல்லையென்றால் பாட்டில் வெடிக்கும். ஈஸ்ட் பாட்டிலுக்கு மூடும் வால்வு எந்த வடிவிலும் கூடாது. கண்ணாடிப் பாட்டிலும் கூடாது. சோடா, குளிர்பானம் வரும் பிளாஸ்டிக் பாட்டில்தான் வேண்டும், அழுத்தம் தாங்கச் செய்தது அது ஒன்றுதான். குடிநீர் பாட்டில் இதற்கு உதவாது.

இப்போது இரட்டிப்புக் கணக்கு. சர்க்கரை நொதிக்கும்போது அதன் எடையில் சுமார் பாதி சிஓ2 ஆகிறது, மீதிப் பாதி ஆல்கஹால். 200 கிராம் சர்க்கரை முழுதாக நொதித்தால் 100 கிராம் அளவுக்கு வாயு. அந்த ஆல்கஹால் பாட்டிலுக்குள்ளேயேதான் தங்கும். ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 200 கிராம் போட்டால் கடைசியில் 9 சதவீதம் வரை போகும், ரொட்டி ஈஸ்ட் அதைத் தாங்கிக்கொள்ளும். 400 கிராம் போட்டால் சர்க்கரை தீருவதற்கு முன்பே ஈஸ்ட் தன் ஆல்கஹாலிலேயே மாண்டுபோகும். மீதிச் சர்க்கரை வீண். ஈஸ்ட்டை இரட்டித்தாலும் மொத்த வாயு கூடாது, அதே வாயு சீக்கிரமாக வந்து சீக்கிரமாகத் தீரும். உங்கள் தொல்லையே அதுதானே?

தொட்டிக்குக் குமிழ் அதிகமாக வருவதைவிட ஒரே சீராக வருவதுதான் முக்கியம். சிஓ2 ஒரு வாரம் 30 பிபிஎம் (லிட்டருக்கு 30 மில்லிகிராம்), மறுவாரம் 8 என்று ஏறி இறங்கினால் செடி எதற்கும் பழகாது, தாடிப் பாசிக்குத்தான் கொண்டாட்டம். எப்போதும் 15-லேயே நிற்கும் தொட்டியில் செடி இதைவிட நன்றாக வரும்.

அதனால் இரண்டு பாட்டில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் 200 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் ஈஸ்ட், ஒரு சிட்டிகை சமையல் சோடா, தோள் வரைக்கும் தண்ணீர். ஒரு வாரம் இதை மாற்றினால் அடுத்த வாரம் அதை மாற்றுங்கள், ஒன்று தளரும் நேரத்தில் மற்றது ஏறும். ஒவ்வொரு பாட்டிலுக்கும் தனியாகச் செக் வால்வு (வாயுவை வெளியே விடும், எதுவும் திரும்பி வர மட்டும் விடாது) போட்டு, அதற்குப் பிறகு டி இணைப்பில் சேருங்கள். பாட்டில் இருக்கும் இடமும் கவனம், குளிர்ந்தால் ஈஸ்ட் சோம்பிவிடும்.

சிலிகான் குழாயைத் தூக்கிப் போடுங்கள், அதன் சுவர் வழியாகவே சிஓ2 கசியும். பாலியூரிதேன் குழாய் நல்லது. டிஃப்யூசரில் படிவது பாக்டீரியா. ஈஸ்ட் கலவையின் நுரையும் ஆல்கஹால் ஆவியும் குழாய் வழியாக வந்து அதற்குத் தீனி போடுகின்றன. நடுவில் பாதி தண்ணீர் நிரப்பிய சின்ன பாட்டில் ஒன்றை வைத்து வாயுவைக் கழுவி அனுப்பினால் பெரும்பாலும் நிற்கும். குமிழ் எண்ணவும் அதுவே போதும்.

காலையில் மீன் மேலே வருவது பற்றிச் சொல்ல எனக்கு எண்கள் வேண்டும். கேஎச் (தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மை) எவ்வளவு? விளக்குப் போடும் முன் பிஎச், மாலையில் பிஎச், இரண்டையும் அளந்து எழுதுங்கள்.

சிட்ரிக்பிரியன்:

பழையவாளி அண்ணன் ஈஸ்ட் கட்சி, மாற மாட்டார். நான் சிட்ரிக் அமிலம், சமையல் சோடா பக்கம்.

ஒரு பாட்டிலில் அமிலக் கரைசல், மற்றதில் சோடாவும் கொஞ்சம் தண்ணீரும். அமிலப் பாட்டிலை ஒரு அமுக்கு அமுக்கினால் கொஞ்சம் அமிலம் சோடாவுக்குள் போய் வாயு கிளம்பும், இரண்டு பக்கமும் அழுத்தம் சமமானதும் நின்றுவிடும். தொட்டிக்கு வாயு போகப் போகச் சோடாப் பக்கம் அழுத்தம் குறையும், அமிலம் தானாக இன்னும் கொஞ்சம் இறங்கும். எடுக்கிற அளவுக்குத்தான் தயாராகும். அதனால் இதில் வாயுவின் அளவைத் திருகி வைக்கும் நீடில் வால்வும், மின்சாரத்தில் திறந்து மூடும் சோலனாய்டு வால்வும் போடலாம், விளக்கோடு திறந்து விளக்கோடு மூடலாம். கேட்டவர் ஆசைப்பட்ட இரவு மூடல் இந்த முறைக்குத்தான் பொருந்தும்.

200 கிராம் சோடாவுக்கு நீரற்ற சிட்ரிக் அமிலம் 152 கிராம் போதும். எல்லோரும் 200-க்கு 200 என்று எழுதுகிறார்கள், அதில் 50 கிராம் அமிலம் சும்மா மிஞ்சுகிறது. கிடைக்கும் வாயு 105 கிராம். அழுத்த மானியும் பாதுகாப்பு வால்வும் உள்ள மூடித் தொகுப்பையே வாங்குங்கள், இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சதுர செ.மீ.க்கு 1 முதல் 2 கிலோ அழுத்தத்தில் ஓட்டுகிறேன். பாட்டிலில் வெள்ளைக் கீறல் விழுந்தால் அன்றே மாற்றிவிடுவேன்.

நீரடித்தோட்டம்:

நன்றி அண்ணா, இருவருக்கும். வால்வு யோசனையைக் கைவிட்டாயிற்று. கேஎச் 5. விளக்குப் போடும் முன் பிஎச் 6.6, மாலையில் 7.0. சிஓ2 அளவை நிறத்தில் காட்டும் டிராப் செக்கர் மாலையில் நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் இருக்கிறது. அதை வைத்துச் சிஓ2 போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழையவாளி:

இந்த எண்களிலேயே விஷயம் இருக்கிறது. கேஎச்சை 3-ஆல் பெருக்கி, 7-இலிருந்து பிஎச்சைக் கழித்து வருவதைப் பத்தின் அடுக்காகப் போட்டுப் பெருக்குங்கள். காலையில் 38 பிபிஎம் வருகிறது, மாலையில் 15. மரக்கட்டை விடும் அமிலத்தால் இந்தச் சூத்திரம் கொஞ்சம் கூட்டிக் காட்டும், ஆனாலும் போக்கு தெளிவு. செடிக்குத் தேவையில்லாத இரவில் ஏறுகிறது, தேவையான பகலில் இறங்குகிறது.

இரவில் செடியும் சிஓ2-வைத்தான் விடும், அதோடு ஆக்சிஜனையும் குடிக்கும். ஈஸ்ட் வேறு நிற்காமல் ஓடுகிறது. மீன் திணறாமல் என்ன செய்யும்? ஆக்சிஜன் நிறைய இருந்தாலும் தண்ணீரில் சிஓ2 கூடிவிட்டால் மீனின் ரத்தத்தில் இருக்கும் சிஓ2 செவுள் வழியாக வெளியேற முடியாது. விளக்கு அணைந்ததும் டைமரில் காற்று பம்ப் ஓடட்டும், விளக்கு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நிற்கட்டும். இதை இன்றே செய்யுங்கள், பாட்டில் வேலையெல்லாம் வார இறுதியில் பார்த்துக்கொள்ளலாம்.

டிராப் செக்கரைத் திட்ட வேண்டாம். உள்ளே இருப்பது 4 கேஎச் திரவம், 30 பிபிஎம் வாக்கில் பச்சையாகும். நிறம் மாற ஓரிரண்டு மணி நேரம் எடுக்கும், அதனால் அது எப்போதும் பழைய செய்திதான் சொல்லும். மாலையோடு காலையிலும் பாருங்கள்.

மெதுநடை:

குறுக்கே வருகிறேன். சிஓ2-வைப் பற்றி இவ்வளவு பேசியவர்கள் யாரும் அந்த 10 மணி நேர விளக்கைத் தொடவே இல்லையே! விளக்கு கூடினால் செடி அதிக சிஓ2 கேட்கும், அதற்கு ஈடுகொடுக்க முடியாத இடத்தில்தான் பாசி நுழையும். 6 மணி நேரமாகக் குறைத்துப் பாருங்கள், பாதித் தொல்லை அங்கேயே குறையும்.

தாடி முளைத்த அனுபியாஸ் இலைகளை வெட்டி எறியுங்கள், சுத்தம் செய்து மாளாது. மெதுவாக வளரும் செடி என்பதால் விளக்குக்கு நேர் கீழே வைக்காமல் நிழலுக்கு நகர்த்துங்கள். என் தொட்டியில் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரின் மட்டும்தான், பாட்டிலும் இல்லை, டிராப் செக்கரும் இல்லை. மான்டி கார்லோ தரைவிரிப்பாகப் படர வேண்டும் என்றால் சிஓ2 தேவைதான், அதை மறுக்கவில்லை.

நீரடித்தோட்டம்:

மான்டி கார்லோவை விட மனசில்லை. விளக்கை 6 மணி நேரமாக்கிவிட்டேன், காற்று பம்ப் டைமரில் மாட்டியாயிற்று. இரண்டு பாட்டில் ஈஸ்ட்டில் கொஞ்ச காலம் ஓட்டிப் பார்த்துவிட்டு சிட்ரிக் பக்கம் வருகிறேன். செராமிக் டிஃப்யூசர் அப்படியே இருக்கட்டுமா?

பழையவாளி:

எடுத்துவிடுங்கள். செராமிக் வட்டுக்கு நல்ல அழுத்தம் வேண்டும். ஈஸ்ட் பாட்டில் அந்த அழுத்தத்துக்கு ஏறும்போது மூடியில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கேயே போய்விடும். குழாய் முனையை ஃபில்டர் தண்ணீர் உறிஞ்சும் வாயில் செருகிவிடுங்கள், உள்ளே சுற்றும் இறக்கை குமிழைப் பொடியாக்கிக் கரைத்துவிடும். அப்படியும் பெரிய குமிழ் வெளியே வந்தால் உறிஞ்சும் வாயில் கொஞ்சம் ஸ்பாஞ்ச் சுற்றுங்கள், இறால் குஞ்சுகளுக்கும் நல்லது.

சிட்ரிக்குக்கு மாறும்போது டிஃப்யூசர் தேவைப்படும், பத்திரமாக வையுங்கள். மூடியைச் சோப்புத் தண்ணீரில் தடவி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கவும் மறக்க வேண்டாம்.